எந்தத் தலைப்பில் பிளாக் தொடங்கினால் வருமானம் வரும்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

வயது 36. அண்ணன் நடத்தும் தையல் மிஷின் விற்பனை, சர்வீஸ் கடையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறார். கணக்கு எழுதத்தான் போனார். இப்போது பழுது பார்க்கும் வேலையில் பாதி இவருடையது. கடை வருமானம் குறைந்துகொண்டே வருவதால் தனக்கென்று ஒரு வருமானம் வேண்டும் என்று பிளாக் தொடங்க முடிவு செய்திருக்கிறார். பணம் கட்டிச் சேர்ந்த இணையவழிப் பயிற்சி ஒன்றில் ‘அதிக லாபம் தரும் தலைப்புகள்’ என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதலில் இருப்பவை கடன், கிரெடிட் கார்டு, காப்பீடு. அடுத்தது உடல் எடைக் குறைப்பு. தோழியின் தம்பி ஒருவர் தொழில்நுட்ப வேலைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். டொமைன் (தளத்தின் இணைய முகவரி), விளம்பரக் கணக்கு இரண்டும் அவர் பெயரில் இருக்குமாம், வருவதில் ஆளுக்குப் பாதியாம். ஏஐயை வைத்து இரண்டே மாதத்தில் 200 கட்டுரை போட்டுவிடலாம் என்பதும் அவர் யோசனைதான். வாசகியின் கையில் ஓராண்டு வீட்டுச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது.

“கடன், காப்பீடு பற்றி எழுதவா, எடைக் குறைப்பா, இல்லை எல்லாம் கலந்தா? தமிழில் எழுதினால் காசு வராது என்கிறார்களே, உண்மையா? வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?” என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல் மிஷின்தான். அதை யார் படிக்கப்போகிறார்கள்?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் காத்திருக்கும் பதில்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன், காப்பீடு வேண்டாம். எடைக் குறைப்பு கண்டிப்பாக வேண்டாம். வேலையை இப்போது விட வேண்டாம். டொமைனையும் கணக்கையும் வேறு யார் பெயரிலும் தொடங்க வேண்டாம். உங்களுக்கான தலைப்பு அந்தக் கடைசி வரிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ‘தையல் மிஷின்’ என்று பொதுவாக வைத்தால் அதிலும் பணம் வராது. அதைச் சுருக்க வேண்டும். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பணயம் வைக்கப்போவது ஓராண்டுச் சேமிப்பை.

கிளிக் விலைப் பட்டியல் எதைக் காட்டுகிறது?

பயிற்சியில் கொடுத்த பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்களுக்காகக் ‘கீவேர்ட் பிளானர்’ என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. ஒரு தேடுசொல்லைப் போட்டால் மாதம் ஏறத்தாழ எத்தனை முறை அது தேடப்படுகிறது, ஒரு கிளிக்குக்கு விளம்பரதாரர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று காட்டும். கடன், காப்பீடு போன்ற சொற்களுக்கு அந்தத் தொகை உண்மையிலேயே அதிகம். ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் பல ஆண்டுகளுக்கு வருமானம் என்பதால் நிறுவனங்கள் தாராளமாகக் கொடுக்கின்றன.

ஆனால் அங்கே தெரிவது, கூகுள் தேடல் பக்கத்தின் மேலே விளம்பரம் வருவதற்கான விலை. உங்கள் கட்டுரைக்கு நடுவே வரும் விளம்பரத்துக்கு அந்த விலை கிடைக்காது. தேடல் பக்கத்தில் விளம்பரத்தைத் தொடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர். கட்டுரைக்கு வந்தவர் விவரம் தெரிந்துகொள்ள வந்தவர். இரண்டு பேருக்கும் விளம்பரதாரர் ஒரே விலை கொடுக்க மாட்டார். அதோடு, இந்த மாதிரித் தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2024 தொடக்கத்தில் கிளிக்குக்குப் பணம் என்ற முறையையே விட்டுவிட்டு, விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குப் பணம் என்று மாறிவிட்டது. விளம்பரதாரர் செலவழிப்பதில் எழுதுகிறவர் கைக்கு வருவது ஏறத்தாழ 68 சதவீதம் என்று கூகுள் சொல்கிறது. ஆகவே, ‘ஒரு கிளிக்குக்கு இவ்வளவு’ என்று பெருக்கிப் போட்டுவைத்திருக்கும் கணக்கை அழித்துவிடுங்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் அந்தப் பயிற்சியிலிருந்து வந்திருக்கிறது. அதே கருவியில் ‘போட்டி: குறைவு’ என்று ஒரு சொல்லுக்கு வந்ததாகவும், அதைப் பற்றி எழுதினால் கூகுளில் முதல் பக்கம் உறுதி என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது விளம்பரதாரர்களுக்கு இடையே உள்ள போட்டி. கட்டுரைகளுக்கு இடையே உள்ள போட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ‘குறைவு’ என்று காட்டும் சொல்லுக்கு முதல் பக்கம் முழுக்கப் பெரிய தளங்கள் உட்கார்ந்திருக்கலாம். ‘அதிகம்’ என்று காட்டும் சொல்லுக்கு உருப்படியான ஒரு கட்டுரைகூட இல்லாமலும் போகலாம். அந்தச் சொல்லை நீங்களே தேடி, முதல் பக்கத்தில் வருகிற ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வரை படித்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். அலுப்பான வேலைதான். செய்கிறவர்கள் குறைவு என்பதாலேயே அதற்குப் பலன் அதிகம்.

கடனும் எடைக் குறைப்பும் ஏன் வேண்டாம்?

கடன், கிரெடிட் கார்டு என்று எழுதினால் எதிரே இருப்பவர்கள் வங்கிகளும் பெரிய ஒப்பீட்டு நிறுவனங்களும். அமெரிக்காவின் பேங்க்ரேட் 1976இல் அச்சு இதழாகத் தொடங்கியது. நெர்ட்வாலட் 2009இல் தொடங்கி, 2021இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆசிரியர் குழு, சட்டம் பார்ப்பவர்கள், தினமும் வட்டி விகிதத்தைத் திருத்துபவர்கள் என்று அங்கே பெரிய கூட்டமே வேலை செய்கிறது. ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு சந்தையிலும் இதுபோலச் சிலர் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறார்கள். அவர்களைவிட நன்றாக எழுத உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

பணம், உடல்நலம் தொடர்பான பக்கங்களைக் கூகுள் மற்றவற்றைவிடக் கண்டிப்பாகப் பார்க்கிறது. 2018 ஆகஸ்டில் தேடல் முறையில் வந்த ஒரு மாற்றத்தில் உடல்நலத் தளங்கள் பல, வாசகர் வரத்தை ஒரேயடியாக இழந்தன. எழுதுகிறவருக்கு அந்தத் துறையில் என்ன தகுதி என்ற கேள்வி அதன் பிறகு இன்னும் இறுகியது.

வருமானத்தை விடுங்கள், இதில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. எடை குறைய இதைச் சாப்பிடு, அதை விடு என்று நீங்கள் எங்கிருந்தோ திரட்டி எழுதுவதை, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் நம்பினால் என்ன ஆகும்? விவரம் தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அதிக வட்டிக் கடனில் கையெழுத்துப் போட்டால்? தனி ஒருவரின் நிலைமையைப் பார்த்து முதலீட்டு யோசனை சொல்ல உரிமம் வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. அந்தப் பொறுப்பைச் சுமக்க உங்களுக்குப் பயிற்சி இல்லை, அதை நீங்களே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள்.

‘எல்லாம் கலந்து’ என்பது அகலக் கால் வைப்பது. சமையல் குறிப்புக்கு வந்தவர் காப்பீட்டுக் கட்டுரையைப் படிக்க மாட்டார். இன்று வந்தவர் நாளைக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செலவு செய்யப்போகிறவர் யார்?

இனி உங்கள் மிஷினுக்கு வருவோம். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் பாபின் கேஸ் (அடி நூல் உட்காரும் கூடு) திருகை முறுக்கிவிட்டே கடைக்கு வருகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் கீழே தெரிவதால் குற்றம் கீழே என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருப்பார்கள் என்றும் சொல்கிறீர்கள். ஃபுட் இறங்கியிருந்தால் மேல் நூலைப் பிடித்து வைக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். நூல் நடுவே போய் உட்காராமல் மேலோடு நிற்கும். மேலே பிடிமானம் இல்லாததால் நூல் தாராளமாகக் கீழே இறங்கிச் சுற்றிக்கொள்ளும். ஃபுட்டைத் தூக்கி வைத்து மறுபடியும் கோத்தால் பல மிஷின்கள் அப்போதே சரியாகிவிடும். இது பட்டியலிலிருந்து கிடைக்கும் விஷயம் இல்லை. ஆயிரம் மிஷினைத் திறந்து பார்த்த கைக்குத் தெரிவது. இதை யார் படிப்பார்கள் என்று கேட்கிறீர்கள்: இரவு பத்து மணிக்கு, மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய ஆர்டரோடு, சிக்கிய துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் படிப்பார்.

ஆனால் கவனியுங்கள். அவருக்கு விடை கிடைத்ததும் போய்விடுவார். நன்றியோடு போவார், பணம் எதுவும் செலவழிக்க மாட்டார். இந்த மாதிரிக் கட்டுரைகள் உங்களை நம்பலாம் என்று காட்டும். ஆட்களைக் கூட்டி வரும். வருமானம் வேறு ஒருவரிடமிருந்து வரும்.

அவர் யார்? வீட்டு மிஷினில் தைத்துக்கொண்டிருந்து, ஆர்டர் கூடியதால் தொழிற்கூடங்களில் ஓடும் வேகமான பவர் மிஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர். அவர் கையில் இருப்பது சேர்த்து வைத்த பணம் அல்லது கடன். தவறாக வாங்கினால் சில ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும். அதனால் வாங்கும் முன் பல நாள் தேடுவார், படிப்பார், கேட்பார். கிளட்ச் மோட்டாரா, சர்வோ மோட்டாரா? கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமும் மின்சாரமும் அதிகம். சர்வோ பெடலை மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். குழந்தை தூங்கும் வீட்டில் தைப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே முடிவைத் தீர்மானித்துவிடும். நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடும் மிஷின் இவருக்குத் தேவையா? வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசித் தண்டு முழு உருண்டை. வீட்டில் வாங்கி வைத்த ஊசிகள் பயன்படாது என்பதை யாராவது முன்கூட்டியே சொல்கிறார்களா? பழைய மிஷின் வாங்கும்போது சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் இறுகுகிறது, எண்ணெய்த் தட்டில் உலோகத் தூள் கிடக்கிறதா, ஊசியைப் பிடித்திருக்கும் கம்பி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் தினமும் செய்கிறீர்கள்.

ஆகவே உங்கள் தலைப்பு: ‘தைத்துச் சம்பாதிக்க நினைப்பவர் தனக்கான மிஷினைத் தேர்ந்தெடுப்பதும் அதை ஓடும் நிலையில் வைத்திருப்பதும்’. பொழுதுபோக்குக்குத் தைப்பவர், பிளவுஸ் டிசைன் தேடுபவர் எல்லாரையும் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தலைப்பைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்த வாசகர், எந்த முடிவை எடுக்கும் நேரத்தில் உங்களிடம் வருகிறார்? அந்த முடிவில் பணம் செலவாகுமா? தவறினால் வலிக்குமா? ஒருமுறை முடிவெடுத்த பிறகும் அவருக்கு உங்கள் தேவை இருக்குமா? மிஷின் வாங்கியவருக்கு ஊசி, ஃபுட், எண்ணெய், பராமரிப்பு, அடுத்து துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் என்று தேவை நீண்டுகொண்டே போகும். எந்தத் துறையாக இருந்தாலும், தேடல் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. வாங்கப்போகிறவருக்காக எழுதுவது எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு: பொருள்களைச் சோதித்துப் பார்த்து எழுதும் வயர்கட்டர் தளம் 2011இல் சிறிய அளவில் தொடங்கியது, 2016இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதை ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கியது. உங்களுக்கு அந்த அளவு வரும் என்று சொல்லவில்லை. பணம் எந்த வகை எழுத்தைச் சுற்றி வருகிறது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

பணம் எந்த வழியாக வரும்?

விளம்பரத்தை முதலில் பார்ப்போம். மாதம் 10,000 பார்வை, ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 20 டாலர். ஆட்சென்ஸ் பொதுவாக 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். ஆக, ஐந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை. ஆண்டுக் கடைசி மாதங்களில் விளம்பர விலை ஏறி, ஜனவரியில் இறங்குவதும் வழக்கம். ஒரு வீட்டை இதை நம்பி நடத்த முடியாது.

தமிழில் எழுதினால் காசு வராது என்பது பாதி உண்மை. ஆட்சென்ஸ் 2018இலிருந்தே தமிழை ஏற்கிறது. கணக்கு கிடைப்பதில் தடை இல்லை. ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்காகப் போட்டி போடும் விளம்பரதாரர்கள் குறைவு, அதனால் விலையும் குறைவு. அதே காரணத்தால் எழுதுகிறவர்களும் குறைவு. பவர் மிஷின் வாங்குவது பற்றித் தமிழில் நீங்களே தேடிப் பாருங்கள், எத்தனை பக்கம் உருப்படியாக இருக்கிறது என்று. விளம்பரத்தை மட்டும் நம்பினால் தமிழ் உங்களுக்குக் குறை. வாசகருக்கு நேரடியாக ஏதாவது கொடுத்துச் சம்பாதிக்க நினைத்தால் தமிழ்தான் உங்கள் பலம்.

இரண்டாவது வழி அஃபிலியேட், அதாவது பரிந்துரைக் கமிஷன். அமேசான் இதை 1996இலேயே தொடங்கியது. உங்கள் இணைப்பைத் தொட்டவர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் உங்களுக்குப் பங்கு. பவர் மிஷின் வாங்குகிறவர் மூன்று வாரம் யோசிப்பார். அதற்குள் உங்கள் இணைப்பு காலாவதியாகிவிடும். ஊசி, பாபின், ஃபுட், சர்வோ மோட்டார் போன்றவற்றுக்கு இந்த முறை ஒத்துவரும், பெரிய மிஷினுக்கு ஒத்துவராது. கமிஷன் விகிதத்தை அவர்கள் நினைத்தால் மாற்றலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கு 8 சதவீதமாக இருந்த கமிஷனை 3 ஆக்கினார்கள். அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே நாளில் பாதிக்குக் கீழே போனது.

எனக்கு நம்பிக்கை தருவது மூன்றாவது வழி. பழைய மிஷின் வாங்கப்போகிறவருக்கு வீடியோ காலில் கூடவே இருந்து மிஷினைப் பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் வாங்கலாம். தன் மிஷினைத் தானே பராமரிக்கக் கற்றுக்கொடுக்கும் சிறிய வகுப்பு நடத்தலாம். மாதம் பத்துப் பேர் வந்தாலும் மேலே சொன்ன விளம்பர வருமானத்தைத் தாண்டிவிடும். பத்துப் பேர் கிடைக்கப் பத்தாயிரம் பார்வை வேண்டியதில்லை. சரியான ஆட்கள் சில நூறு பேர் வந்தால் போதும். சிறிய தலைப்பைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. அண்ணன் கடையில் விற்கும் மிஷினையே நீங்கள் பரிந்துரைத்தால், ‘இது எங்கள் கடையில் விற்கும் மிஷின்’ என்று கட்டுரையின் மேலேயே எழுதுங்கள். கமிஷன் வரும் இணைப்பு என்றால் அதையும் சொல்லுங்கள். அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் இது சட்டம்; அமேசானும் தன் நிபந்தனையிலேயே இதைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், கடன் வாங்கி மிஷின் வாங்கப்போகிற ஒருவருக்கு இது தெரிய வேண்டும்.

200 கட்டுரை யோசனை

மதிப்பே இல்லாத பக்கங்களைக் கூட்டம் கூட்டமாகத் தயாரிப்பதை, எப்படித் தயாரித்தாலும் சரி, தேடல் முறையை ஏமாற்றும் செயலாகக் கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்தது. அப்படிச் சிக்கிய தளம் தேடலிலிருந்தே காணாமல் போகலாம். அதே ஆண்டு மே மாதத்திலிருந்து தேடல் பக்கத்தின் மேலேயே ஏஐ சுருக்க விடை வரத் தொடங்கியது. ‘சர்வோ மோட்டார் என்றால் என்ன’ என்பதற்கு இனி யாரும் உங்கள் பக்கம் வரை வரப்போவதில்லை. ஏஐயால் எழுத முடிவதை ஏஐயே அங்கே சொல்லிவிடும்.

மிஞ்சுவது எது? உங்கள் கையால் திறந்த மிஷினின் படம், மேல் நூலைப் பிடித்து அடி நூலோடு பின்னும் ஹூக்கில் தேய்ந்ததும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், பேரிங் போன மிஷினின் சத்தம், ஆறு மாதம் ஓட்டிய பிறகு எந்த மோட்டார் எப்படி இருக்கிறது என்ற குறிப்பு. தேடல் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் கூகுள் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. உங்களிடம் நிறைய இருப்பது அதுதான். எழுத்துப்பிழை பார்க்க, தலைப்பு யோசிக்க ஏஐயை வைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தை அதனிடம் கடன் கேட்காதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே சோதித்துப் பாருங்கள்

புதிய பக்கம் ஒன்று கூகுளில் மேலே வர நாளாகும். தேடல் தரவுகளை ஆராயும் ஏரெஃப்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வெளியான ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு தேடுசொல்லுக்கு முதல் பத்து இடத்துக்குள் வந்த பக்கங்கள் 5.7 சதவீதம் மட்டுமே. உங்கள் சேமிப்பும் ஓராண்டுக்குத்தான் வரும். வேலையை விட்டால், பிளாக் பேசத் தொடங்கும் நேரத்தில் உங்கள் கை காலியாக இருக்கும். அப்போது அவசரத்தில் எதையாவது விற்கத் தோன்றும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். அடுத்த ஒரு மாதம் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை, அவர்கள் வாயில் வந்த அதே சொற்களில் நோட்டில் எழுதுங்கள். ‘டென்ஷன் அசெம்ப்ளி கோளாறு’ என்று நீங்கள் திருத்த வேண்டாம். ‘நூல் கீழே கொத்தாக வருது’ என்றே இருக்கட்டும், அவர்கள் தேடுவதும் அப்படித்தான். எந்தக் கேள்வி கேட்டவர் பணம் செலவழிக்கப்போகிறார் என்று பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். குறி போட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் விற்பனை நிறுவனங்களின் வெறும் பொருள் பட்டியல், பதில் இல்லாத கேள்வி பதில் பக்கங்கள், வேறு ஏதோ விஷயம் என்று வந்தால் அங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் படத்தோடு முழுமையாக எழுதியிருந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். தேடல் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கூகுள் ட்ரெண்ட்ஸில் பார்க்கலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண் ஒப்பீட்டு அளவு மட்டுமே, ஆள் கணக்கு இல்லை.

பிறகு பத்து, பன்னிரண்டு கட்டுரை. வாரத்துக்கு ஒன்று போதும். கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவியை முதல் நாளே இணைத்துவிடுங்கள். எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்படுகிறது என்று அது சொல்லும். நான்கு, ஐந்து மாதத்தில் நீங்கள் நினைத்தே பார்க்காத கேள்விகள் அதில் வரும். அடுத்த கட்டுரைகளை அதிலிருந்து எடுங்கள். கூடவே, வீடியோ கால் சேவையைக் கட்டணத்தோடு அறிவித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் பணம் கட்டிக் கூப்பிட்டால் தலைப்பு சரி என்று அர்த்தம். ஆறேழு மாதம் ஆகியும் ஒருவர்கூட வரவில்லை என்றால் கட்டுரைகளைக் கூட்டுவதில் பயனில்லை. எந்த வாசகர், எந்த முடிவு என்ற இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். வேலையை விடுவது பற்றி, பிளாக் வருமானம் தொடர்ந்து சில மாதம் உங்கள் சம்பளத்தில் பாதியைத் தொட்ட பிறகு யோசிக்கலாம்.

டொமைனும் கணக்கும் யார் பெயரில்?

தோழியின் தம்பி நல்லவராகவே இருக்கலாம், நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் அதற்கு உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ளப்படும். விளம்பரப் பணம் கணக்கு வைத்திருப்பவரின் வங்கிக்குத்தான் போகும். நாளை மனத்தாங்கல் வந்தால், ஐந்து ஆண்டு எழுத்தும் அதற்கு வந்த வாசகர்களும் அவர் கையில் இருப்பார்கள். நீங்கள் எழுதியதை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பாதிப் பங்கும் நியாயமாக இல்லை. தளம் அமைப்பது சில நாள் வேலை. எழுதுவது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை.

டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), விளம்பரக் கணக்கு, அதற்கான மின்னஞ்சல் எல்லாவற்றையும் உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில் தொடங்குங்கள். அவருக்குச் செய்த வேலைக்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், பிறகு தேவைப்படும்போது மணிக்கணக்கில் கொடுக்கலாம். கடவுச்சொல் தர வேண்டாம். தளத்தில் அவருக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுக்க முடியும், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். இதை இப்போதே, எதையும் பதிவு செய்வதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். தொடங்கிய பிறகு சொன்னால் தோழியோடும் உரசல் வரும்.

அண்ணனிடமும் பேச வேண்டும். கடையில் எடுக்கும் படங்களை நீங்கள் பயன்படுத்தலாமா, கடைப் பெயர் வருமா, பிளாக் வழியாக வரும் சர்வீஸ் வேலையில் யாருக்கு எவ்வளவு, கடை நேரத்தில் எழுதலாமா என்பதையெல்லாம் பேசி, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அண்ணன் தங்கைக்குள் தாள் எதற்கு என்று அவர் கேட்பார். வருமானம் வராத இந்த நேரத்தில் எழுதுவதுதான் சுலபம் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரின் மிஷினைப் படம் எடுக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரசீது, பெயர்ச் சீட்டு, தொலைபேசி எண் எதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டுரையாக, ஃபுட்டை இறக்கி வைத்து நூல் கோத்தால் என்ன ஆகும் என்பதையே எழுதலாம். படம் எடுக்க உங்கள் கடையிலேயே மிஷின் இருக்கிறது, வாடிக்கையாளர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.